இறக்கை முறிந்த இரு குஞ்சுகள்: டெரோசார்களின் இளமைப் பருவம் குறித்துப் புதைபடிவங்கள் கூறுவது என்ன?

ஜெர்மனியின் தென்பகுதியில் உள்ள சோல்ன்ஹோஃபென் சுண்ணாம்புக்கல் பாறைகளில் புதையுண்டிருந்த இரண்டு டெரோசார் குஞ்சுகளின் எலும்புக்கூடுகள், ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அவை எவ்வாறு இறந்தன என்பதை வெளிப்படுத்தியுள்ளன. முட்டையிலிருந்து வெளிவந்து சில நாள்களோ சில வாரங்களோ மட்டுமே ஆகியிருந்த அவ்விரு உயிரினங்களும், பறந்துகொண்டிருந்தபோது கடும் புயலில் சிக்கி, இறக்கை எலும்பு முறிந்து, காயலில் வீழ்ந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று பிரிட்டனின் லெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தெரிவித்துள்ளனர். இவ்வாய்வு 2025 செப்டம்பரில் 'கரண்ட் பயாலஜி' இதழில் வெளியானது.

டெரோசார்கள் பிறந்தவுடனேயே பறந்தனவா, அல்லது பறவைக் குஞ்சுகளைப் போலப் பெற்றோரின் காப்பில் வளர்ந்த பின்னரே பறந்தனவா என்பது தொல்லுயிரியலில் நெடுங்காலமாக நீடிக்கும் விவாதம். அதற்கு விடை தேட உதவும் சான்றுகளில் மிக அரியவை இளங்குஞ்சுகளின் புதைபடிவங்கள். அவை கூறுவன யாவை, கூறாமல் மறைப்பன யாவை என்பதை இங்கே காணலாம்.

டெரோசார் என்பது எது?

டெரோசார்கள் டைனோசார்களின் காலத்தில் வாழ்ந்த பறக்கும் ஊர்வன. அவை டைனோசார்களின் நெருங்கிய உறவினங்களே தவிர, டைனோசார்கள் அல்ல. பறவைகளின் மூதாதையரும் அல்ல. ஏறத்தாழ 22 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் தோன்றி, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்த பேரழிவில் முற்றிலும் மறைந்தன. முதுகெலும்புள்ள உயிரினங்களில் முதன்முதலாகத் தம் ஆற்றலால் இறக்கையடித்துப் பறந்தவை இவையே. பறவைகளும் வௌவால்களும் பின்னர் வந்தவை.

இவற்றின் இறக்கை அமைப்பு தனித்தன்மை வாய்ந்தது. பறவையின் இறக்கை இறகுகளால் ஆனது. வௌவாலின் இறக்கைச் சவ்வைப் பல விரல்கள் தாங்குகின்றன. டெரோசாரிலோ, கையின் நான்காம் விரல் ஒன்றே மிக நீண்டு வளர்ந்து சவ்வு முழுவதையும் தாங்கி நின்றது. எலும்புகள் உள்ளீடற்றவை, அவற்றின் சுவர் மிக மெல்லியது. பறப்பதற்கு ஏற்ற இந்த அமைப்பே புதைபடிவமாக நிலைப்பதற்குப் பெருந்தடையாகவும் அமைந்தது. பெரும்பாலான எலும்புகள் நொறுங்கி மறைந்துவிடுவதால், டெரோசார் ஒன்றின் முழு எலும்புக்கூடு கிடைப்பது அரிது. பிறந்த குஞ்சின் எலும்புக்கூடு அதனினும் அரிது.

இரு முறிவுகள் தந்த சான்று

ராபர்ட் ஸ்மித், டேவிட் அன்வின் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இவ்விரு குஞ்சுகளுக்கும் 'லக்கி', 'லக்கி 2' எனப் பெயரிட்டனர். நற்பேறு என்று பொருள்படும் இப்பெயரில் ஒரு முரண் உண்டு. உயிரிழந்த குஞ்சுகளுக்கு அது நற்பேறன்று. அவற்றைக் கண்டெடுத்த அறிவியலுக்கே நற்பேறு.

இரண்டுமே டெரோடாக்டைலஸ் ஆன்டிகுவஸ் என்னும் இனத்தைச் சேர்ந்தவை. இவ்வினத்தின் வளர்ந்த விலங்கின் இறக்கை விரிவு ஏறத்தாழ 1 மீட்டர். இக்குஞ்சுகளின் இறக்கை விரிவோ 20 சென்டிமீட்டருக்கும் குறைவு. ஏறக்குறைய ஒரு சிட்டுக்குருவியின் அளவு. இதுவரை அறியப்பட்ட டெரோசார்களிலேயே மிகச் சிறியவற்றுள் இவை அடங்கும்.

எலும்புகள் யாவும் ஏறக்குறைய உயிருடன் இருந்தபோது அமைந்திருந்த வரிசையிலேயே உள்ளன. ஒரே ஒரு குறைதான். ஒன்றின் இடது இறக்கையிலும் மற்றொன்றின் வலது இறக்கையிலும் மேற்கை எலும்பு சாய்வாக, சீராக முறிந்துள்ளது. புற ஊதா ஒளியைப் பாய்ச்சியபோது எலும்புகள் பாறையிலிருந்து பிரிந்து ஒளிர்ந்ததால் இந்த முறிவை நுணுக்கமாக ஆராய முடிந்தது.

பாறை அழுத்தத்தால் நொறுங்கும் எலும்பு இவ்வாறு முறிவதில்லை. கடினமான பொருளின்மீது மோதியதாலும் இத்தகைய முறிவு ஏற்பட்டிருக்க வாய்ப்பு குறைவு. இறக்கையை வலுவான காற்று முறுக்கித் திருகியதால் உண்டான முறிவு என்பதே ஆய்வாளர்களின் முடிவு.

இங்கேதான் இக்கண்டுபிடிப்பின் முக்கியத்துவம் உள்ளது. காற்றின் விசை இறக்கையை முறிக்க வேண்டுமானால் இறக்கை விரிந்திருக்க வேண்டும். குஞ்சு வானில் இருந்திருக்க வேண்டும். கூட்டில் ஒடுங்கிக் கிடந்த குஞ்சுக்கு இத்தகைய காயம் நேர வழியில்லை. அவ்வளவு இளம் பருவத்திலேயே இவை பறந்தன என்பதற்கு இந்த முறிவுகள் வலுவான சான்றாக அமைகின்றன.

கொன்ற புயலே காத்தது

இக்குஞ்சுகள் வாழ்ந்த காலத்தில் சோல்ன்ஹோஃபென் பகுதி வெப்பமண்டலக் கடலில் தீவுகளும் காயல்களும் நிறைந்த நிலப்பரப்பாக இருந்தது. காயலின் அடித்தளத்தில் உப்பு மிகுதி, உயிர்வளி குறைவு. எனவே பிணந்தின்னும் உயிரினங்கள் அங்கே வாழவில்லை. மிக நுண்ணிய சுண்ணாம்புச் சேறு படிந்து, பின்னாளில் பாறையாக இறுகியது. ஐரோப்பாவில் கல்லச்சுத் தொழில் வளர்ந்ததற்கு வழுவழுப்பான இந்தக் கல்லே அடிப்படை. ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்னும் தொல்பறவையின் படிவங்கள் கிடைத்ததும் இங்கிருந்துதான்.

புயலில் வீழ்ந்த குஞ்சுகள் விரைவாக அடித்தளத்துக்குச் சென்றன. அதே புயல் கலக்கிய சேறு அவற்றின்மீது படிந்து மூடியது. உடல் சிதையும் முன்னரே புதையுண்டதால் எலும்பு வரிசை குலையவில்லை. உயிரைப் பறித்த புயலே உடலைக் காத்தது என்பது இதன் பொருள்.

வளர்ந்த டெரோசார்களின் நிலை வேறு. வலுவுள்ள அவை பெரும்பாலும் புயல்களைத் தாக்குப்பிடித்தன. பின்னர் வேறு காரணங்களால் இறந்தபோது, அவற்றின் உடல் அமைதியான நீர்ப்பரப்பில் பல நாள்கள் மிதந்து, சிறிது சிறிதாகச் சிதைந்து, உறுப்புகள் தனித்தனியே கீழே விழுந்தன. ஆகவேதான் சோல்ன்ஹோஃபெனில் சிறு டெரோசார்கள் முழுமையாகவும் பெரியவை துண்டுகளாகவும் கிடைக்கின்றன.

இதிலிருந்து ஆய்வாளர்கள் ஒரு முக்கியமான திருத்தத்தை முன்வைக்கின்றனர். அக்காயல்களில் சிறு டெரோசார்களே மிகுதியாக வாழ்ந்தன என்று நெடுங்காலம் கருதப்பட்டது. உண்மையில் அவற்றுள் பல அங்கு வாழ்ந்தவையே அல்ல. அருகிலிருந்த தீவுகளிலிருந்து புயலால் அடித்துவரப்பட்ட, அனுபவமற்ற இளம் விலங்குகள் என்று அவர்கள் கூறுகின்றனர். பாறை காட்டுவது அன்று வாழ்ந்தவற்றின் கணக்கெடுப்பை அன்று. புயலில் தப்ப இயலாமற்போனவற்றின் பட்டியலையே.

தனி இனங்கள் எனக் கருதப்பட்ட குஞ்சுகள்

சோல்ன்ஹோஃபென் படிவங்கள் முன்னரும் ஆய்வாளர்களைத் திசைதிருப்பியதுண்டு. 1784-ஆம் ஆண்டு இத்தாலிய அறிஞர் கோசிமோ கொலினி முதல் டெரோசார் எலும்புக்கூட்டை விவரித்தபோது, அதைக் கடல்வாழ் உயிரினம் என எண்ணினார். அது பறக்கும் ஊர்வன என்பதைப் பின்னர் பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் குவியே உணர்த்தினார்.

பின்வந்த காலத்தில், அளவில் சிறிய படிவங்கள் பல தனித்தனி இனங்களாகப் பெயரிடப்பட்டன. 1990-களில் அமெரிக்க ஆய்வாளர் கிறிஸ்டோபர் பென்னட் அவற்றின் எலும்பு அளவுகளைப் புள்ளியியல் முறையில் ஒப்பிட்டார். ராம்ஃபோரிங்கஸ் பேரினத்தில் பல இனங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தவை, ஒரே இனத்தின் வெவ்வேறு வயதுப் பருவங்களே என்பதை அவர் 1995-இல் எடுத்துக்காட்டினார். ஒரு படிவம் குஞ்சா, சிறிய இனமா என்பதைச் சரியாக அறியாவிடில் அவ்விலங்கின் வாழ்க்கை வரலாறே பிழைபட்டுவிடும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

பிறந்தவுடன் பறந்தனவா? இருதரப்பு வாதங்கள்

டெரோசார் முட்டைகள் 2004-ஆம் ஆண்டு வரை அறியப்படவில்லை. அவ்வாண்டில் சீனாவிலிருந்தும் அர்ஜென்டினாவிலிருந்தும் கருவுடன் கூடிய முட்டைகள் பற்றிய ஆய்வுகள் வெளியாயின. அவை கோழி முட்டையைப் போன்று கெட்டியான ஓடு கொண்டவை அல்ல. பெரும்பாலும் தோல்போல நெகிழும் தன்மை உடையவை. எனவே பறவைகளைப் போல அடைகாக்காமல், மண்ணிலோ இலைக்குவியலிலோ புதைத்துவைத்திருக்கலாம் என்று கருதப்படுகிறது.

2017 டிசம்பரில் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு விவாதத்தைத் தீவிரப்படுத்தியது. சீனாவின் ஜின்ஜியாங் பகுதியில் உள்ள ஹாமி என்னுமிடத்தில், ஹாமிப்டெரஸ் இனத்தின் 215 முட்டைகள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றுள் 16 முட்டைகளில் கருவின் எச்சங்கள் இருந்தன. அவை ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகள் பழமையானவை. புயல் வெள்ளம் முட்டைகளை ஏரிக்குள் அடித்துச் சென்று புதைத்ததாகவே அங்கும் கருதப்படுகிறது.

ஊடுகதிர் கணினி வரைவுமுறையில் ஆராய்ந்தபோது, கருக்களின் தொடையெலும்பு நன்கு வளர்ந்திருந்தும், பறப்புத் தசை பற்றும் மேற்கை எலும்பின் விளிம்பு வளர்ச்சியடையவில்லை எனத் தெரிந்தது. பற்களும் முளைத்திருக்கவில்லை. எனவே குஞ்சுகளால் பிறந்தவுடன் நடக்க முடிந்திருக்கலாம், பறக்க முடிந்திருக்காது. பெற்றோரின் கவனிப்பும் தேவைப்பட்டிருக்கும் என்று சீன, பிரேசில் ஆய்வாளர்கள் அடங்கிய அக்குழு கருதியது.

அதற்கு முன்னரே, 2012-இல், ராம்ஃபோரிங்கஸ் எலும்புகளின் நுண்ணமைப்பை ஆராய்ந்த மற்றொரு குழுவும் இதனை ஒத்த கருத்தைத் தெரிவித்திருந்தது. வளர்ந்த விலங்கின் இறக்கை விரிவில் 30 முதல் 50 விழுக்காட்டை எட்டிய பின்னரே அவை பறக்கத் தொடங்கியிருக்கும் என்பது அக்குழுவின் கணிப்பு.

எதிர்த்தரப்பின் வாதம் 2019-இல் வந்தது. டேவிட் அன்வினும் சார்லஸ் டீமிங்கும் முட்டை, கரு ஆகியவற்றின் அளவுகளை ஒப்பிட்டு, ஹாமி கருக்கள் பொரிக்கும் நிலையை எட்டாதவையாக இருக்கலாம் என்று வாதிட்டனர். முற்றாத கருவில் பற்களோ பறப்புக்கான எலும்பு விளிம்போ இல்லாதது வியப்பன்று. மாறாக, இறக்கையைத் தாங்கும் விரலெலும்புகள் கருவிலேயே மிக முன்னதாக இறுகத் தொடங்குவதை அவர்கள் சுட்டிக்காட்டினர்.

2021-இல் டேரன் நேயிஷ், மார்க் விட்டன், எலிசபெத் மார்ட்டின்-சில்வர்ஸ்டோன் ஆகியோர் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு, இயற்பியல் கணக்கீட்டின் துணையை நாடியது. டெரோடாஸ்ட்ரோ, சைனாப்டெரஸ் ஆகியவற்றின் கருக்கள், குஞ்சுகளின் எலும்பு வலிமையை வளர்ந்த டெரோசார்களின் வலிமையுடன் அவர்கள் ஒப்பிட்டனர். தம் உடல் அளவுக்கு ஏற்ப நோக்கினால், குஞ்சுகளின் மேற்கை எலும்பு வளர்ந்த பல டெரோசார்களின் எலும்பைவிட வலிமையானது எனத் தெரியவந்தது.

மேலும், குஞ்சுகளின் இறக்கைகள் பெரியவற்றின் இறக்கைகளைவிடக் குட்டையாகவும் அகலமாகவும் இருந்தன. நெடுந்தொலைவு பறப்பதற்கு இவ்வடிவம் ஏற்றதன்று. ஆனால் சட்டென்று திரும்பவும் வேகத்தை மாற்றவும் உதவும். அடர்ந்த தாவரங்களுக்கு இடையே புகுந்து பறக்கவும், எதிரிகளிடமிருந்து தப்பவும், விரைவாக ஓடும் சிறு இரைகளைப் பிடிக்கவும் இது பயன்பட்டிருக்கும். வளர வளர இறக்கையின் வடிவம் மாறியது. அதற்கேற்ப வாழிடமும் உணவும்கூட மாறியிருக்கலாம்.

இவ்விவாதத்தில் லக்கியும் லக்கி 2-ம் முக்கிய இடம் பெறுகின்றன. முந்தைய ஆய்வுகள் குஞ்சுகளால் பறக்க முடியுமா என்று கணக்கிட்டன. முறிந்த இவ்விரு இறக்கைகள், குஞ்சுகள் பறந்துகொண்டிருந்தபோது நேர்ந்த ஒரு நிகழ்வையே காட்டுகின்றன.

நிக்கோபாரில் இன்றும் ஓர் ஒப்புமை

பிறந்த சிறிது காலத்திலேயே தன்னந்தனியாகப் பறப்பது இயலுமா என்ற ஐயத்துக்கு விடையளிக்கும் உயிரினம் ஒன்று இந்தியாவிலேயே உள்ளது. நிக்கோபார் தீவுகளில் வாழும் மெகாபோடு என்னும் பறவை, கடற்கரையோரம் மண்ணையும் இலைதழைகளையும் குவித்து மேடமைத்து, அதனுள் முட்டையிடுகிறது. தாய் அடைகாப்பதில்லை, மேட்டில் உண்டாகும் வெப்பமே முட்டையைப் பொரிக்கிறது. குஞ்சு தானே மண்ணைக் கிளறி வெளிவருகிறது. இறக்கையில் இறகு முளைத்த நிலையிலேயே பிறக்கும் அது, பெற்றோரின் துணையின்றி இரை தேடுகிறது. மிக விரைவில் பறக்கவும் செய்கிறது.

காகம், மைனா, புறா ஆகியவற்றின் குஞ்சுகள் கண் திறவாமல், இறகின்றிப் பிறந்து, கூட்டில் பெற்றோர் ஊட்டும் உணவால் வளர்வதையே நாம் இயல்பெனக் கருதுகிறோம். பறக்கும் உயிரினங்களுக்கு அது ஒன்றே வழியன்று என்பதை மெகாபோடு உணர்த்துகிறது.

இத்தகைய தற்சார்புக்கு விலையும் உண்டு. 2004 டிசம்பர் சுனாமியில் நிக்கோபார் கடற்கரைகளில் இருந்த மெகாபோடு மேடுகள் பெருமளவில் அழிந்து, அப்பறவையின் எண்ணிக்கை கடுமையாகச் சரிந்தது.

பேருருவ இனங்களில் பெற்றோர் காப்பு

எல்லா டெரோசார்களும் ஒரே முறையில் வளர்ந்தன என்றும் கூறிவிட முடியாது. 2023-இல் 'புரொசீடிங்ஸ் ஆஃப் த ராயல் சொசைட்டி பி' இதழில் வெளியான ஆய்வு, ராம்ஃபோரிங்கஸ், டெரோடாக்டைலஸ், சைனாப்டெரஸ் போன்ற சிறிய இனங்களின் வளர்ச்சியைப் பேருருவம் கொண்ட டெரானோடானின் வளர்ச்சியுடன் ஒப்பிட்டது.

சிறிய இனங்களில், பறக்கவும் நடக்கவும் ஆற்றல் தரும் உடலையொட்டிய கை, கால் எலும்புகள் பிறக்கும்போதே உடலளவுக்குப் போதிய நீளத்துடன் இருந்தன. டெரானோடானில் அவ்வெலும்புகள் பிறந்த பின்னரே உடலைவிட விரைவாக வளர்ந்தன. அதாவது, அதன் குஞ்சுகள் வலுவற்ற நிலையில் பிறந்து, பெற்றோரின் காப்பில் வளர்ந்திருக்கலாம். தன் காலில் தானே நிற்க வேண்டிய கட்டாயம் தளர்ந்ததால்தான் பிற்கால டெரோசார்கள் 10 மீட்டர் அளவுக்கு இறக்கை விரிக்கும் பேருருவை எட்டின என்பது அவ்வாய்வின் கருத்து.

முதலையின் பல் தடம்

குஞ்சுப் பருவம் கடந்த பின்னரும் ஆபத்து நீங்கவில்லை. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் உள்ள டைனோசார் மாகாணப் பூங்காவில் 2023 ஜூலையில் இளம் டெரோசார் ஒன்றின் கழுத்து எலும்பு கிடைத்தது. அது கிரையோடிராகன் போரியாஸ் இனத்தைச் சேர்ந்தது, 7.6 கோடி ஆண்டுகள் பழமையானது.

அவ்வெலும்பில் 4 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டத் துளை ஒன்று காணப்பட்டது. நுண் ஊடுகதிர் வரைவு மூலம் ஆராய்ந்ததில், அது முதலை இனத்தைச் சேர்ந்த விலங்கின் பல் பதிந்த தடமாக இருக்கலாம் என்ற முடிவு எட்டப்பட்டு, 2025 ஜனவரியில் வெளியானது. இளம் விலங்கின் இறக்கை விரிவு ஏறத்தாழ 2 மீட்டர். அவ்வினம் முழு வளர்ச்சியில் 10 மீட்டரை எட்டக்கூடியது. முதலை அதனை வேட்டையாடியதா, இறந்து கிடந்ததைத் தின்றதா என்பதை எலும்பு கூறவில்லை. நீர்நிலைக்கு அருகில் இரை தேடிய இளம் டெரோசார்கள் முதலைகளுக்கு உணவாயின என்பது மட்டும் தெளிவாகிறது.

இந்திய மண்ணில் உள்ள சான்றுகள்

இத்தகைய புதைபடிவங்கள் இந்தியாவில் கிடைக்குமா என்ற கேள்விக்கு, இடத்துக்கு இடம் விடை மாறுபடும்.

பிராணஹிதா–கோதாவரிப் பள்ளத்தாக்கின் கோட்டா படிவுப் பாறைகளிலிருந்து கிடைத்த எலும்புத் துண்டுகளை, 1974-இல் எஸ்.எல். ஜெயின் டெரோசாருக்கு உரியவை என அறிவித்து, கேம்பிலோக்னதாய்டிஸ் இன்டிகஸ் எனப் பெயரிட்டார். ஆனால் அவை மிகவும் சிதைந்தவை என்பதால் அந்த அடையாளம் பின்னாளில் ஐயத்துக்கு உள்ளானது. பாராபாசாரஸ், கோட்டாசாரஸ் ஆகிய பெரும் டைனோசார்களின் எலும்புகளைத் தந்ததும் இதே பாறைகள்தாம். வலுவான எலும்புகள் நிலைத்த இடத்தில் மெல்லிய எலும்புகள் துண்டுகளாகவே எஞ்சின.

குஞ்சுப் பருவத்தின் ஆபத்தை நேரடியாகக் காட்டும் சான்று குஜராத்தில் உள்ளது. தோலி துங்ரி என்னும் சிற்றூரில் தனஞ்ஜய் மொஹபே கண்டெடுத்த பாறையில், டைனோசார் கூட்டில் நொறுங்கிய முட்டையைச் சுற்றி வளைந்து கிடந்த பாம்பு ஒன்றின் எலும்புக்கூடு உள்ளது. அருகில் அப்போதே பொரித்திருந்த, ஏறத்தாழ அரை மீட்டர் நீளமுள்ள டைனோசார் குஞ்சின் எலும்புகளும் இருந்தன. ஏறத்தாழ 3.5 மீட்டர் நீளமுள்ள அப்பாம்புக்கு 2010-இல் சனாஜே இன்டிகஸ் எனப் பெயரிடப்பட்டது. 6.7 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், புயல் மழையில் சரிந்த மண்ணே வேட்டையாடியதையும் இரையையும் ஒருங்கே மூடியிருக்கலாம் என்று கருதப்படுகிறது. சோல்ன்ஹோஃபெனில் நிகழ்ந்ததைப் போலவே இங்கும் திடீர்ப் புதைவே சான்றைக் காத்தது.

தமிழ்நாட்டின் அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் கிரெட்டேசியஸ் காலப் பாறைகள் பரவியுள்ளன. சாத்தனூரின் கல்மரமும், கடல்வாழ் அம்மோனைட்டுகளும், கல்லமேட்டின் டைனோசார் எலும்புகளும் இப்பாறைகளிலிருந்து கிடைத்தவை. இவை டெரோசார்கள் வாழ்ந்த காலத்துப் பாறைகள் என்பதால், தேடலுக்கு உரிய இடங்களுள் அடங்கும்.

பூதிகோட்டையில் ஏன் கிடைக்காது?

கர்நாடகத்தின் கோலார் தங்கவயலை அடுத்த பூதிகோட்டை, ஹைதர் அலி பிறந்த ஊராக வரலாற்றில் இடம்பெற்றது. அங்கும் தங்கவயலிலும் மண்ணுக்கடியில் உள்ளவை உலகின் மிகப் பழமையான பாறைகளுள் சில. தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக 3 கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழம் வரை வெட்டிச் சென்ற சுரங்கங்கள், 2001-இல் மூடப்படும் வரை அப்பாறைகளிலிருந்தே தங்கத்தைத் தந்தன.

எனினும், அங்கே டெரோசாரையோ டைனோசாரையோ தேடுவதில் பயனில்லை. தங்கம் பொதிந்த அப்பாறைப் பட்டையின் வயது ஏறத்தாழ 270 கோடி ஆண்டுகள். முதல் டெரோசார் தோன்றியதற்குப் பத்து மடங்குக்கும் மேற்பட்ட காலத்துக்கு முன்னரே அவை உருவாகிவிட்டன. எலும்புள்ள உயிரினம் எதுவும் அன்று உலகில் இல்லை. மேலும், அவை எரிமலைக் குழம்பு இறுகி, பின்னர் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை. சேறு படிந்து உருவானவை அல்ல. தங்கவயல் பகுதியின் பெத்தப்பள்ளியில், நீருக்கடியில் குழம்பு வெளிப்பட்டு இறுகியதால் தலையணை வடிவம் பெற்ற பாறைகள் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாகப் பாதுகாக்கப்படுகின்றன.

ஒரு பாறை புதைபடிவத்தைத் தர வேண்டுமானால் மூன்று நிபந்தனைகள் பொருந்த வேண்டும். பாறை உரிய காலத்தைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். படிவுப் பாறையாக இருக்க வேண்டும். உடல் சிதையும் முன்னரே மூடப்பட்டிருக்க வேண்டும். தங்கவயல் முதல் இரண்டிலேயே விலகிவிடுகிறது. கோதாவரிப் பள்ளத்தாக்கு முதல் இரண்டை நிறைவு செய்தும், மெல்லிய எலும்புகளை முழுமையாகக் காக்கவில்லை. சோல்ன்ஹோஃபெனில் மூன்றும் ஒன்றாக அமைந்தன.

இனி எதிர்பார்க்கப்படுவது

பொரிக்கும் நிலையை முழுமையாக எட்டிய கருக்கள் மேலும் பல கிடைத்தால், ஹாமி கருக்கள் முற்றியவையா, முற்றாதவையா என்ற விவாதத்துக்கு முடிவு காணலாம். அருங்காட்சியகங்களில் ஏற்கெனவே உள்ள சிறு படிவங்களைப் புற ஊதா ஒளியில் மீண்டும் ஆராய்வதும் பயனளிக்கும். முறிவின் தடயம் இருப்பது உறுதியானால், அக்குஞ்சும் புயலில் இறந்திருக்கக்கூடும் என்று கருத இடமுண்டு. அதே வேளையில், புயலில் தப்பி வளர்ந்த குஞ்சுகள் பாறையில் இடம்பெறவில்லை என்பதையும் ஆய்வாளர்கள் தம் கணக்கில் சேர்க்க வேண்டியுள்ளது. கல்லில் எஞ்சியிருக்கும் குஞ்சுகளைக் கொண்டு, கல்லில் எஞ்சாமல் வானில் பறந்து வளர்ந்தவற்றின் வாழ்வை அறிய முயல்வதே இத்துறையின் பணியாக உள்ளது.